பேங்காக்கில் என் கழுத்தைப் பிடித்தவள்

வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் போவார்கள். நான் என் மாமியாரிடம்கூடப் பாதிதான் சொன்னேன். "பேங்காக் போறேன் அத்தை, கம்பெனி வேலை" என்றேன், அவ்வளவுதான். அங்கே ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு முழங்காலால் இடிக்கிறார்களாம், அவர்கள் கழுத்து ஏன் சிவந்துபோகிறது என்று பார்த்துவிட்டு வரப் போகிறேன் என்று, ஞாயிறு தவறாமல் கோயிலில் முதல் பெஞ்சில் உட்காருகிற ஒரு மனுஷியிடம் எந்த வாயால் சொல்வது?

ஆம்பூரில் கரீம் பாயின் ஷூ கம்பெனியில் நான் ஸ்டிச்சிங் சூப்பர்வைசர். தொண்ணூறுகளில் ஷூ ஆர்டர் குவிந்து கிடந்தது. அதற்கப்புறம் வந்த வருஷங்களில் கம்மியாகிக்கொண்டே வந்து, ஒரு லைனையே நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த லைனில் இருந்த பெண்களை வீட்டுக்கு அனுப்பாமல் இருக்க பாய் ஒரு புது வேலை பிடித்தார். கிளவுஸ். கிரிக்கெட் கிளவுஸ் இல்லை. குத்துச்சண்டை, மல்யுத்தம், காலால் உதைப்பது எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து ஒரு புதுச் சண்டை அப்போது வெளிநாடுகளில் பரவிக்கொண்டிருந்தது. அதற்குப் போடுகிற, விரல் நுனி வெளியே தெரிகிற சின்ன கிளவுஸ். எதிராளியைப் பிடிக்கவும் வேண்டும், குத்தவும் வேண்டும் என்பதால் விரலை மூடக் கூடாதாம்.

முதல் சரக்கு பேங்காக் போயிற்று. அடுத்து போட்டோக்கள் வந்தன. கிளவுஸைப் பற்றிய புகார், ஆனால் போட்டோவில் இருந்ததெல்லாம் கழுத்துகள்! பிடரியிலும் காதுக்குக் கீழேயும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. "உங்கள் தோலில் ஏதோ கெமிக்கல் இருக்கிறது, வந்து பாருங்கள்" என்று வாங்கியவர் எழுதியிருந்தார். கிளவுஸ் போட்டவன் கை நன்றாக இருக்கிறதாம், அடுத்தவன் கழுத்துதான் எரிகிறதாம். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பாய் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "தோல் மேல பழி வந்துச்சின்னா முடிஞ்சதும்மா. கிளவுஸ் செக்‌ஷனை மூடறதத் தவிர வேற வழி இல்ல" என்றார். தோல் தெரிந்தவர் ஒருவரும் தையல் தெரிந்தவர் ஒருவரும் வர வேண்டும் என்று வாங்கியவர் கேட்டிருந்தார். தோலுக்கு பாய், தையலுக்கு நான். பாயின் மனைவி ஷாஹிதா ஆப்பாவும் வருகிறார் என்ற பிறகுதான் என் வீட்டுக்காரர் சரி என்றார்.

கிளம்புகிற அன்று செக்‌ஷனில் ஒருத்தியும் மிஷினைவிட்டு எழுந்திருக்கவில்லை. எப்போதும் வாயாடுகிற ஷமீம்தான் கடைசியில் எழுந்து வந்தாள். புருஷன் இல்லாதவள், இரண்டு பிள்ளைகளையும் அந்த மிஷினை வைத்துத்தான் படிக்கவைக்கிறாள். "மூடிடுவாங்களாக்கா?" என்றாள். "வாயக் கழுவு" என்று ஒரு அதட்டு போட்டேன். எனக்கும் அதே பயம்தான், அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

பேங்காக்கில் இறங்கியதும் வெயில் முகத்தில் அடித்தது. வேலூர் வெயிலில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அந்த ஊர்ப் புழுக்கம்தான் வேறு மாதிரி, துணி உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. கிளவுஸ் வாங்கிய சோம்சாய் கார் கொண்டுவந்திருந்தார். குட்டையான, சுத்தமான மனிதர். நம் பாக்டரி இங்கிலீஷுக்கும் அவர் இங்கிலீஷுக்கும் பொருத்தம் பத்துக்குப் பத்து. அவரிடமும் வினைச்சொல் கிடையாது, எங்களிடமும் கிடையாது. "நோ ப்ராப்ளம், நோ ப்ராப்ளம்" என்று வழியெல்லாம் சொன்னார். முகத்தில் மட்டும் ப்ராப்ளம் இருந்தது.

சாயங்காலம் சாப்பாட்டுக்குத் தெருவில் நடந்தோம். எங்கு பார்த்தாலும் அடுப்பு, எங்கு பார்த்தாலும் தின்கிற ஜனம். ஊறவைத்த மீன் சாற்றின் வாடை முதலில் குமட்டியது, கொஞ்ச நேரத்தில் நம் கருவாட்டுக் குழம்பு நினைவுக்கு வந்து பசி எடுத்தது. பாயும் ஆப்பாவும் ஹலால் பார்ப்பவர்கள், மீனும் முட்டையும்தான். நான் எல்லாம் சாப்பிடுவேன். பச்சைப் பப்பாளியைத் துருவி, மிளகாயும் எலுமிச்சையும் சேர்த்து உரலில் இடித்துத் தருகிறார்கள். ஒரு வாய் வைத்தேன், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிற்று. நம் காரமெல்லாம் சும்மா. பிரியாணிக்குத் தொட்டுக்கொள்கிற கத்தரிக்காயை இவர்களுக்குக் கொடுத்தால் பாயசம் என்பார்கள்.

ஒரு தள்ளுவண்டியில் பொன்னிறமாக ஏதோ குவித்து வைத்திருந்தார்கள். ஆப்பா கிட்டப் போய் ஒன்றை எடுக்கக் கை நீட்டினார். "மெர்சி, முந்திரி வறுத்திருக்காங்க பாரு." நான் குனிந்து பார்த்தேன். முந்திரிக்குக் கால் இருந்தது. வெட்டுக்கிளி. "தோபா தோபா" என்று ஆப்பா என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். வண்டிக்காரம்மா சிரித்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரியிடம் ஏதோ சொன்னாள். "பயப்படுது பார், கடிக்கப்போவது அதுவா இவளா" என்று சொன்னதாக சோம்சாய் விளக்கினார்.

பாய் சாப்பாட்டில் கவனம் வைக்கவே இல்லை. ஒரு கிளவுஸை வெட்டி, துண்டை ஈரம் செய்து கைக்கடிகார வாருக்கு அடியில் கட்டிக்கொண்டுதான் தூங்கினார். விடிந்ததும் அவிழ்த்துக் காட்டினார், கையில் ஒன்றும் இல்லை. "தோல் சுத்தம்!" என்றார். சோம்சாய் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்கள் கை முப்பது வருஷமாகத் தோலோடு பழகிய கை. என் பையன்கள் கழுத்து அப்படி இல்லை" என்றார்.

இரண்டாம் நாள் காலை ஜிம்முக்கு வாய்க்காலில் படகில் போகலாம், ரோட்டில் நெரிசல் என்றார் சோம்சாய். படகு நிற்கும் என்று நம்பித்தான் போனேன். அது நிற்பதில்லை. கரையை உரசிக்கொண்டே போகும், அந்த ஒரு நொடியில் நாம் குதிக்க வேண்டும். ஏறுகிறபோது எப்படியோ ஏறிவிட்டேன். இறங்குகிறபோது புடவையை ஒரு கையில், சாம்பிள் பையை ஒரு கையில் பிடித்துக் காலை எட்டி வைத்தேன். கால் கரைக்கு வந்தது, செருப்பு வாய்க்காலுக்குப் போனது. எங்கள் கம்பெனிச் செருப்பு, புதுசு. கறுப்புத் தண்ணீரில் கொஞ்ச தூரம் மிதந்துபோனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாய் அந்தக் கவலையிலும் சிரித்துவிட்டார். "நல்லா மெதக்குது, மெர்சிம்மா. சோல் ஒட்டுனது நல்ல கைதான்" என்றார். எனக்கு வந்த எரிச்சலுக்கு இன்னொரு செருப்பையும் கழற்றித் தூக்கி எறிந்தேன்.

ஷூ கம்பெனிக்காரி வெறுங்காலோடு வியாபாரம் பேசப் போகிறாளே என்று கூசிக் கூசி நடந்தேன். போய்ப் பார்த்தால் அங்கே ஒருவர் காலிலும் ஒன்றும் இல்லை. ஜிம் என்றால் தகரக் கூரை, தரையில் ரப்பர் பாய், நடுவில் ஒரு மேடை. வலிக்குத் தடவுகிற தைலத்தின் நெடி மூக்கைத் துளைத்தது. தாய்லாந்துப் பையன்கள், வெள்ளைக்காரர்கள், இரண்டு மூன்று பெண்கள் என்று எல்லோரும் வியர்வையில் பளபளத்தார்கள்.

சொல்லிக் கொடுக்கிறவள் ஒரு பெண். பெயர் நொய். என் தோள் உயரம்தான் இருப்பாள். எனக்குப் புரியட்டும் என்று, டேவ் என்ற ஆஸ்திரேலியாக்காரனைக் கூப்பிட்டாள். அவன் நிலைக்கதவு அகலம். எட்ட நின்று குத்துகிற சண்டையை நான் டிவியில் பார்த்திருக்கிறேன். இது அப்படி இல்லை. நொய் ஒரே எட்டில் அவன் மார்போடு ஒட்டிக்கொண்டாள். இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக அவன் பின்தலையில் வைத்து, முழங்கைகள் இரண்டையும் அவன் நெஞ்செலும்பின் மேல் இறுக்கி ஒரு இழு இழுத்தாள். அவ்வளவு பெரிய ஆள் தலை குனிந்து நின்றான். குனிந்த கையோடு கீழேயிருந்து முழங்கால் விலாவுக்கு வந்தது. பழக்கத்துக்கு என்பதால் மெல்லத்தான் தொட்டாள். நிஜமாக விழுந்தால் என்ன ஆகும் என்று என் விலாவே சொல்லிற்று.

அதோடு நிற்கவில்லை. ஒரு கையை எடுத்துவிட்டு ஒரு கையால் மட்டும் பிடரியைப் பிடித்தாள். பிடித்த கை தலையைக் கீழே இழுக்க, சும்மா இருக்கிற கை தாடைக்குக் கீழேயிருந்து குட்டிக் குட்டியாகக் குத்தியது. விலகிப் போகிறவன்மேல் போகிற போக்கில் முழங்கையைக் குறுக்கே வீசினாள். இடமே இல்லாதபோது தோளால் தாடையில் ஒரு இடி. டேவும் சும்மா இல்லை. முதுகை நிமிர்த்தி, இடுப்பை அவளோடு ஒட்டக் கொண்டுவந்தான். இடைவெளி போய்விட்டால் முழங்காலைத் தூக்க முடியாதாம். உடனே நொய் குதிகாலால் அவன் பாதத்தை ஒரு மிதி மிதித்தாள்.

"அட, இது நம்ம வேலூர் பஸ்!" என்று கத்திவிட்டேன். காலையில் ஆம்பூரில் ஏறி பள்ளிகொண்டா வருவதற்குள் முழங்கை, தோள், குதிகால் அத்தனையும் நாம் வாங்கி, நாமும் கொடுக்கிறோம். முழங்கால் ஒன்றுதான் பாக்கி. சோம்சாய் இதை நொய்யிடம் சொல்ல, அவள், "அப்படியானால் அந்த பஸ்ஸில் என் பையன்களை ஏற்றி அனுப்புகிறேன்" என்றாள்.

சிரிப்பு அடங்கியதும் டேவ் திரும்பிப் பிடரியைக் காட்டினான். போட்டோவில் தடிப்பாகத் தெரிந்தது. கிட்டத்தில் பார்த்தால் தடிப்புக்கு நடுவே மெல்லிய கீறல்கள். ஒரு விஷயம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தச் சண்டையில் கிளவுஸின் விரல்முட்டிப் பக்கம் கொஞ்ச நேரம்தான் வேலை செய்கிறது. மணிக்கட்டுப் பட்டையும் உள்ளங்கைப் பக்கமும்தான் அடுத்தவன் கழுத்தில் கிடந்து அரைத்துக்கொண்டே இருக்கிறது. நாங்கள் ஆம்பூரில் சோதித்தது எப்படி? சாக்கில் தோல் துண்டுகளைத் திணித்து, புளிய மரத்தில் தொங்கவிட்டு, கட்டிங் மாஸ்டர் சிங்காரத்தை விட்டுக் குத்தச் சொன்னோம். யாரும் அந்தச் சாக்கைக் கட்டிப் பிடிக்கவில்லை.

கிளவுஸை எடுத்துப் பட்டையெல்லாம் விரலால் தடவிப் பார்த்தேன். வழவழவென்றுதான் இருந்தது. பாய் மோந்து பார்த்தார். சோம்சாய் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு ஷமீமின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. வந்ததும் பொறுக்கவில்லை.

"நொய், என்னைப் பிடி" என்றேன்.

"மெர்சி, பைத்தியமா உனக்கு!" என்று ஆப்பா அலறினார். நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பாய் மேல் போய் நின்றேன். ரப்பர் பாய் மேல், கரீம் பாய் மேல் இல்லை. நொய் எங்கள் கிளவுஸை மாட்டிக்கொண்டு எனக்கு ஒரு கும்பிடு போட்டாள், அவர்கள் வழக்கம். அடுத்த நொடி என் தலை அவள் கையில் இருந்தது. அத்தனை சின்ன உருவத்துக்குள் அவ்வளவு பலமா! நிமிரப் பார்த்தேன், முடியவில்லை. இப்படி இழுத்தாள், அப்படித் திருப்பினாள், நான் ஆட்டுக்குட்டியாக அவள் போன பக்கமெல்லாம் போனேன். முழங்காலை மட்டும் தூக்கவில்லை, புண்ணியவதி.

காதுக்குக் கீழே சுருக்கென்றது. மறுபடி சுருக். மறுபடி. வரிசையாக, ஒரே இடைவெளியில்.

"விடு, விடு!" என்று அவள் தோளில் தட்டினேன். அப்படித் தட்டினால்தான் விடுவார்களாம், தெரியாமலே சரியாகச் செய்திருக்கிறேன். அவள் கையிலிருந்து கிளவுஸைக் கழற்றி என் கன்னத்தில் வைத்து இழுத்தேன். இருக்கிறது! கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, காய்த்துப்போன என் விரலுக்கும் ஒன்றும் தெரியவில்லை. கன்னத்துக்குத் தெரிந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். பட்டையின் ஓரத்தில், தையல் முடிகிற இடம் ஒவ்வொன்றிலும், கடுகில் கால்வாசி இருக்கும், கறுப்பாக ஒரு மணி.

எனக்கு அந்த மணியைத் தெரியாதா? என் கையால் எத்தனை ஆயிரம் வைத்திருப்பேன். நைலான் நூலில் தைத்தால் முனையை வெட்டினால் போதாது, பிரிந்துவிடும். லைட்டரால் சுடுவோம். சுட்டால் உருகி மணியாக இறுகிக்கொள்ளும். ஷூவில் அந்த மணியைக் கால் படாத பக்கமாக விடுவோம். போடுகிறவருக்குக் குத்தக் கூடாது, அது ஒன்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். கிளவுஸ் வந்தபோதும் அதையே செய்தோம். உள்ளே கை வைப்பவனுக்கு மெத்து மெத்தென்று லைனிங், மணியெல்லாம் வெளியே, பார்வைக்குத் தெரியாத உள்ளங்கைப் பக்கம். ஷூவில் ஒரே ஆள்தான். கிளவுஸில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கீறின இடத்தில் வியர்வையும் தைலமும் இறங்கினால் எரியாமல் என்ன செய்யும்?

"பாய், தோல் இல்ல பாய்! நாம சுட்ட நூலு!" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

பாய் கிளவுஸைப் பிடுங்கித் தன் தாடைக்குக் கீழே தேய்த்தார். "நூலா? நூலுதானா?" என்றார். தாடியில் சிக்கிக்கொண்டது. "அல்லா, நூலு! ஷாஹிதா, நூலாம்!" தப்பு எங்களுடையது என்று தெரிந்து இவ்வளவு சந்தோஷப்பட்ட இரண்டு பேரை அந்த ஊர் பார்த்திருக்காது. நொய்க்கு ஒன்றும் புரியவில்லை. நான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். பழக்க தோஷத்தில் அவள் என் பிடரியில் கை வைத்துவிட்டாள்.

ஊசியில்லாமல் நான் எங்கும் போவதில்லை. ஒரு மூலையில் உட்கார்ந்து, பிளேடால் மணிகளைச் சீவி, நூல் முனையை ஊசியில் கோத்துத் தோலுக்கும் லைனிங்குக்கும் நடுவில் இழுத்து முடிச்சுப் போட்டேன். ஆப்பா நூல் கோத்துக் கொடுத்தார். மத்தியானப் பயிற்சிக்குள் கொஞ்சம் ஜோடி தயாராயிற்று. நொய் எல்லோரையும் அதைப் போடவைத்து, வேறொன்றும் செய்யவிடாமல், கழுத்தைப் பிடித்துப் பிடித்து இழுக்கவைத்தாள். சோம்சாய் மட்டும் சிரிக்கவில்லை. "நாளைக் காலையில் கழுத்தைப் பார்ப்போம்" என்றார். நியாயம்தான். ஆனால் என் தூக்கம் போயிற்று.

மூன்றாம் நாள் ரோட்டு வழியாகவே போனோம், ஆட்டோவில். நம் ஆட்டோவைவிட அகலம், ஓட்டுவது அதே பிசாசு வேகம். நான் வாசலிலேயே நின்றேன். முதலில் வந்த பையன்களின் கழுத்தைப் பார்த்தேன், புதுக் கீறல் இல்லை. கடைசியில் டேவ் வந்தான். கழுத்தைச் சுற்றித் துண்டு. அவன் குட்மார்னிங் சொல்லி முடிப்பதற்குள் துண்டை உருவிவிட்டேன். பழைய தழும்பு மட்டும், அதுவும் மங்கிக்கொண்டிருந்தது. "குளித்துவிட்டு வருகிறேன், அதற்குத்தான் துண்டு" என்றான் பாவம், திகைத்துப்போய்.

அப்படி ஒரு நிம்மதியை நான் பிரசவத்துக்கு அப்புறம் பட்டதில்லை. ஆற்காட்டு மக்கன் பேடா டப்பாவைப் பையிலிருந்து எடுத்துத் திறந்தேன். காரியம் நடந்தால்தான் திறப்பது என்று வைத்திருந்தேன். சண்டைக்காரர்கள் எல்லாம் வரிசையில் நின்று பாகு ஒழுக ஒழுகத் தின்றார்கள். நொய் இரண்டு கேட்டாள். சோம்சாய் விரலைச் சூப்பிக்கொண்டே, மீதிச் சரக்கை அங்கேயே ஆள் வைத்துச் சரி செய்துகொள்வதாகவும், அடுத்த ஆர்டர் உண்டு என்றும் சொன்னார். "ஆனால் ஒவ்வொன்றையும் செக் பண்ண வேண்டும். எப்படிப் பண்ணுவீர்கள்?" என்றார். "பண்ணுவோம்" என்றேன். எப்படி என்று எனக்கே அப்போது தெரியாது.

ஊருக்குப் போன் போட்டேன். ஷமீம்தான் எடுத்தாள், போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள் போல. "தோலாக்கா?" என்றாள். "தோல் இல்லடி. நம்ம லைட்டர்தான்" என்றேன். அப்புறம் ஒரு கூச்சல் கேட்டது பாருங்கள், அத்தனை பேரும் அந்த ஒரு ரிசீவரில் கத்தினார்கள்.

திரும்பி வந்ததும் மணி வைப்பதை நிறுத்தினோம். ஆனாலும் கைப் பழக்கம் சும்மா விடுமா, ஒன்றிரண்டு நுழைந்துவிடும். விரலால் தடவிப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. எங்களில் யார் விரலிலும் உணர்ச்சி மிச்சமில்லை, தோலைப் போலவே பதப்பட்டுப் போனவை. அதனால் நொய் வழியையே பிடித்தேன்.

ஒரு மாதம் கழித்து சோம்சாய் ஆம்பூர் வந்தார். வந்த கையோடு பிரியாணி, அதற்கப்புறம் செக்கிங் பார்க்க வேண்டும் என்றார். பாய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார், திறந்தபடியே நின்றுவிட்டார். உள்ளே பெண்கள் ஜோடி ஜோடியாக, முந்தானையைச் செருகிக்கொண்டு, கிளவுஸ் போட்ட கையால் ஒருத்தி பிடரியை ஒருத்தி பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பில் மூச்சு வாங்கிற்று எல்லோருக்கும். "இன்னாமா இது, சண்டையா?" என்றார் பாய். சோம்சாய் வாசலில் நின்றபடியே முழங்கைகளை நெஞ்சோடு ஒடுக்கிக் காட்டினார், இப்படி என்று.

ஷமீம் அதைப் பார்த்துத் தன் முழங்கைகளை ஒடுக்கிக்கொண்டாள், பிடியை விடவில்லை. "சண்டை இல்ல பாய், செக்கிங்" என்றாள். பிடியில் இருந்தவள் தலையைக் குனிந்தபடியே, "ஒண்ணும் குத்தலடி" என்றாள். ஷமீம் அந்த ஜோடியைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்து மாட்டினாள்.